பொய் என்றாலும் நம்பாதவர்கள்

இப்போதெல்லாம் யாரும் யாரையும் நேராகத் திட்டுவதில்லை. உலகம் கெட்டுப்போனதற்கு அதுதான் முதல் அடையாளம். முன்னெல்லாம் ஒருவனுக்கு உங்கள் மேல் கோபம் என்றால் எதிரே வந்து நின்று நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் போவான். நீங்களும் நாலு வார்த்தை கேட்பீர்கள். விவகாரம் அங்கேயே முடிந்துவிடும். இப்போது வருகிறவன் எல்லாம் குரலைக் குழைத்துக்கொண்டு வருகிறான். மின்சாரம் ஏன் போனது என்று போன் போட்டுக் கேட்டால், "உங்கள் சிரமம் எங்களுக்குப் புரிகிறது" என்கிறது ஒரு குரல். மின்சாரம் வந்ததா என்றால் இல்லை. சிரமம் மட்டும் புரிந்துவிட்டது. பல் பிடுங்குகிறவன், "நாம இப்ப வாயைத் திறக்கலாமா?" என்று கேட்கிறான், ஏதோ அவனும் கூடச் சேர்ந்து திறக்கப்போகிற மாதிரி.

கிரேன்காரருக்கு இந்தக் குழைச்சல் ஆகவே ஆகாது. துறைமுகத்தில் நாலு மாடி உயரத்தில், ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் தன்னந்தனியாக உட்கார்ந்து, வாழ்நாளெல்லாம் கப்பலிலிருந்து பெட்டி இறக்கினவர் அவர். கீழே நிற்கிறவன் கையை உயர்த்தினால் தூக்க வேண்டும், தாழ்த்தினால் இறக்க வேண்டும், இரண்டு கையையும் விரித்தால் நிறுத்த வேண்டும். பேச்சு அவ்வளவுதான். அங்கே யாரும் யாருடைய மனசையும் புரிந்துகொள்ளவில்லை. ஒரு பெட்டியும் தவறி விழவுமில்லை. மழைக்குக்கூட அதிகம் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காத மனிதர். அதனால் குறைந்துபோனதாக அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. மேலே இருந்து பார்த்தால் படித்தவன் தலையும் படிக்காதவன் தலையும் ஒரே அளவில்தான் தெரியும்.

அந்தக் குழைச்சல் கடைசியில் அவர் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. கொண்டுவந்தவள் மருமகள்.

மருமகள் அரசாங்க ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கும் ஜன்னலில் வேலை பார்ப்பவள். அந்த ஆஸ்பத்திரியில் சமூகப்பணியாளர் என்று ஓர் உத்தியோகம் உண்டு. ஆள் துணையில்லாமல் வந்து படுத்தவனுக்குத் துணை தேடுவது, அப்பனைக் கட்டிலில் போட்டுவிட்டு ஓடிப்போன பிள்ளையைத் தேடிப் பிடிப்பது, இப்படி. அந்த அறையில் இருந்த அம்மாள் லீவு போட்ட போதெல்லாம் ஓடி ஓடி அந்த வேலையைச் செய்தது மருமகள்தான். அம்மாளுக்கு ஓய்வு பெறும் நேரம் நெருங்கியது. "அதுக்குள்ள நீ சமூகப்பணியில முதுகலைப் பட்டம் வாங்கிட்டு வந்தா நாற்காலி உனக்கு. இல்லைன்னா வெளியிலேருந்து ஆள் வரும்" என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். அவ்வளவுதான். நாற்பது வயதில், தலையில் நரை விழுந்த பிறகு, புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சாயங்கால வகுப்புக்குப் போக ஆரம்பித்துவிட்டாள்.

படிக்கட்டும். அதைப் பற்றிக் கிரேன்காரருக்கு ஒன்றுமில்லை. ஆனால் படித்ததையெல்லாம் வீட்டில் கொண்டுவந்து இறக்கினால்?

ஒருநாள் சாப்பாட்டு மேசையில் பெரிய தாளை விரித்துவைத்து, குடும்பத்தின் வம்சப் படத்தைக் கட்டமும் வட்டமுமாகப் போட்டுக்கொண்டிருந்தாள். செத்தவர்கள் மேல் பெருக்கல் குறி வேறு.

"இது யாரு?"

"அது நீங்க மாமா."

"நான் ஏன் கட்டமா இருக்கேன்?"

"ஆம்பளைங்க எல்லாருமே கட்டம்தான். பொம்பளைங்க வட்டம்."

"சரி. எனக்கும் இந்த வட்டத்துக்கும் நடுவுல என்ன பாம்பு நெளியுது?"

"அது உங்க தங்கச்சி. உங்க ரெண்டு பேருக்கும் ஆகாதுல்ல? உறவு சரியில்லைன்னா இப்படி நெளிகோடு போடணும்."

"இதைப் படிக்கவா காலேஜ்? தெருவில போற நாயைக் கேட்டாக்கூடச் சொல்லும், எனக்கும் அவளுக்கும் ஆகாதுன்னு."

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அவளுடைய குரல் போனதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளுக்கு ஒரு குரல் இருந்தது. அடுப்படியிலிருந்து ஒரு சத்தம் போட்டாளென்றால் கீழ்வீட்டுக் கைக்குழந்தை பால் குடிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கும். அவரும் சளைத்தவரில்லை. இருவரும் காலையில் ஒரு சுற்று, சாயங்காலம் ஒரு சுற்று என்று கத்தித் தீர்த்துக்கொள்வார்கள். வீடு வீடாக இருந்தது. இப்போதோ, அவர் கத்தினால் அவள் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்து உட்காருகிறாள்.

"மாமா, நீங்க கோபமா இருக்கீங்கன்னு எனக்குத் தோணுது. சரியா?"

"தோணுதா? நான் கத்துறது காதுல விழலையா?"

"விழுது. அந்தக் கோபத்துக்கு அடியில ஏதாவது வருத்தம் இருக்குமோன்னு..."

"அடியில ஒண்ணும் இல்ல. மேலேருந்து கீழ வரைக்கும் கோபம்தான்!"

அவள் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருப்பாள். சுவரில் போய் முட்டிக்கொண்ட மாதிரி இருக்கும் அவருக்கு. சண்டைக்கு ஆள் இல்லாத வீட்டில் எப்படி இருப்பது?

இரண்டாம் வருஷத்தில் அவர்களுக்கு ஒரு பயிற்சி வந்தது. வயதான ஒருவரைப் பல தடவை சந்தித்து, அவர் வாழ்க்கையைக் கேட்டு வர வேண்டும். சொந்த வீட்டு ஆளிடம் கேட்கக் கூடாதாம். அதனால் வகுப்பில் ஆளுக்கு ஆள் மாற்றிக்கொண்டார்கள். மருமகள், கூடப் படிக்கும் ஒரு பெண்ணின் அத்தையைப் பார்க்கப் போனாள். அந்தப் பெண் கிரேன்காரரைப் பார்க்க வந்தாள்.

"நான் என்ன மிருகக்காட்சிசாலைக் குரங்கா, வந்து பார்த்துட்டுப் போக?" என்று முதலில் குதித்தார். மகன் பஸ் ஓட்டிவிட்டுக் களைத்து வந்தவன், "அப்பா, அவ கடைசிப் பரீட்சைப்பா. கொஞ்சம் பேசித்தான் அனுப்புங்களேன். வாய் உங்களுக்கு என்ன குறைச்சலா?" என்றான். அதுவும் சரிதான். இந்தக் கூத்து எதுவரைக்கும் போகிறது என்று பார்த்துவிடலாமே என்று ஒப்புக்கொண்டார்.

வந்தவள் இருபத்திரண்டு வயது இருப்பாள். கழுத்தில் அட்டை, கையில் பேனா. நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, முன்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். அப்படித்தான் உட்காரச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பிறகு தலையாட்ட ஆரம்பித்தாள். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே ஆட்டினாள், மூடின பிறகும் ஆட்டினாள். முதல் நாளே கிரேன்காரர் அவளுக்குத் தலையாட்டி என்று பேர் வைத்துவிட்டார்.

"ராத்திரி தூக்கம் வர மாட்டேங்குது" என்றார்.

"தூக்கம் வர மாட்டேங்குதுன்னு சொல்றீங்க."

"அதைத்தானே இப்ப நான் சொன்னேன்?"

"அது உங்களுக்கு எப்படி இருக்கு ஐயா?"

"தூக்கம் வராம இருக்கு."

அவளும் என்ன செய்வாள், தலையாட்டினாள். பேனா சும்மா கிடந்தது. கப்பல், கூண்டு, முழங்கால் வலி, மார்ச்சுவரி மாதிரி குளிர்ந்து கிடக்கும் குளியலறை, எதைச் சொன்னாலும் பேனா அசையவில்லை. பேச்சோடு பேச்சாக, "சோறு ஆறினப்புறம்தான் என் தட்டுக்கு வரும்" என்றார். அப்போது பேனா ஓடியது. முதுகு நிமிர்ந்து, கண் பெரிசாகி, தலை இன்னும் ஆழமாக ஆடியது.

கிரேன்காரருக்கு உள்ளே ஒரு குறுகுறுப்பு. கூண்டில் உட்கார்ந்து பிடியை ஒரு விரற்கடை நகர்த்தினால் கீழே ஒரு வீடு அளவு பெட்டி எழுந்து வரும். கை மறந்துபோயிருந்த அந்தச் சுகம் திரும்பி வந்த மாதிரி இருந்தது. இன்னும் கொஞ்சம் நகர்த்திப் பார்த்தார்.

"மத்தியானம் என்னை உள்ள விட்டுக் கதவை வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டுடுவாங்க."

பேனா பறந்தது.

அடுத்த தடவை வந்தபோது இன்னும் கொஞ்சம். "என்கிட்ட யார் பேசுறா? நான் இருக்கிறதே இந்த வீட்டுல யாருக்கும் தெரியாது." அதற்கடுத்த தடவை, குரலைத் தாழ்த்தி, அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நான் சொன்னேன்னு அவகிட்ட சொல்லிடாதேம்மா. அப்புறம் எனக்குத்தான் கஷ்டம்" என்றார். தலையாட்டியின் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. படித்த பெண்ணை அழவைத்துவிட்டோம் என்று அன்றைக்கு அவருக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

அவர் சொன்னதெல்லாம் பாதி நிஜம்தான். அதுதான் அதில் சாமர்த்தியம். கூண்டுக்குள் ஆறிப்போன சாப்பாட்டையே தின்று பழகின நாக்கு அவருடையது. சூடாகப் போட்டால் தட்டைத் தள்ளிவிடுவார். அவர் அறைக் கதவின் உள்தாழ்ப்பாள் உடைந்து, காற்றுக்குப் படார் படாரென்று அடிக்கும். "வெளியில போட்டுத் தொலை, தூங்கணும்" என்று கத்துகிறவர் அவர்தான். எழுந்து ஒரு தட்டுத் தட்டினால் திறந்துவிடுவார்கள். திறக்கக் கொஞ்சம் தாமதமானால் தெருவே கூடிவிடும். யாரும் பேசுவதில்லை என்றால், ரேடியோவில் செய்தி வரும்போது அவரிடம் பேசினவன் தப்பித்த வரலாறு அந்த வீட்டில் இல்லை.

ஒரு சாயங்காலம் மருமகள் வகுப்பிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழைவும் இல்லை, கத்தலும் இல்லை. மகன்தான் அவர் அறைக்குள் வந்தான்.

"அப்பா, அந்தப் பொண்ணுகிட்ட என்ன சொல்லித் தொலைச்சீங்க?"

"ஏன்? என்னாச்சு?"

"வீட்டுல வயசானவரைக் கொடுமைப்படுத்துறாங்கன்னு அவ மேடம்கிட்ட போய்ச் சொல்லிட்டா. அவங்க சட்டம் அப்படியாம். காதுல விழுந்தா மறைக்கக் கூடாதாம். விசாரணை முடியற வரைக்கும் இவ எந்த நோயாளிகிட்டயும் போகக் கூடாதுன்னு நிறுத்திட்டாங்க. களப்பணி முடிக்காம பட்டம் கிடையாது. பட்டம் இல்லாம அந்த வேலை கிடையாது. அந்த நாற்காலியில இருக்கிற அம்மா அடுத்த மாசம் ரிடையர் ஆகுறாங்க."

கிரேன்காரர் ரேடியோவை அணைத்தார்.

"சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்டா. அந்தக் கழுதை அதை நிஜம்னு எடுத்துக்கும்னு யார் கண்டா?"

"விளையாட்டா? உங்களைக் கெட்ட மாமனார்னு சொன்னாக்கூடப் பரவாயில்ல. இவ கொடுமைக்காரின்னு பேர் வாங்கிக் குடுத்திருக்கீங்க. சீட்டு எழுதுற ஜன்னல் வரைக்கும் சேதி போயிருச்சு!"

மறுநாள் யாரிடமும் சொல்லாமல் சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். மன்னிப்புக் கேட்கப் போகவில்லை. மன்னிப்புக் கேட்பது அவர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது. ஒரு முட்டாள்தனத்தை நாலு வார்த்தையில் முடித்துவைக்கத்தான் போனார்.

காலேஜில் மருமகள் படிக்கும் துறையின் அறை ஒரு தினுசாக இருந்தது. பெஞ்சு இல்லை, மேஜை இல்லை. நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். நடுவில் ஒரு முக்காலி, அதன் மேல் ஒரு பெட்டி டிஷ்யூ. அழுவதற்கு ஏற்பாடு தயாராக இருந்தது. ஒரு பக்கம் தலையாட்டி. இன்னொரு பக்கம் பேராசிரியை. நரைத்த முடியைக் கத்தரித்து விட்டிருந்த அம்மாள். வகுப்பில் எல்லோருக்கும் குழைச்சலைக் கற்றுக்கொடுத்த ஆதி குரு இவள்தான் என்று அவள் வாய் திறந்ததும் தெரிந்துபோயிற்று.

"நீங்க வந்தது ரொம்ப சந்தோஷம் ஐயா. எங்க உட்கார்ந்தா உங்களுக்கு வசதி?"

"உட்கார வரலை. இந்தப் பொண்ணுகிட்ட நான் சொன்னது அத்தனையும் பொய். அதைச் சொல்லத்தான் வந்தேன். முடிஞ்சுது."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தலையாட்டியின் தலை ஆடியது.

"இதை வந்து சொல்லச் சொல்லி யாராவது உங்களைக் கேட்டாங்களா ஐயா?"

"யாரும் கேக்கலை. நானே பஸ் ஏறி வந்தேன்."

"வீட்டுல தெரியுமா?"

"தெரியாது."

"தெரிஞ்சா என்ன ஆகும்னு உங்களுக்குப் பயம் இருக்கா?"

"பயமா? எனக்கா? ஏம்மா, எனக்குப் புரியலை. கொடுமை நடக்குதுன்னு சொன்னா எழுதிக்கிறீங்க. நடக்கலைன்னு சொன்னா இன்னும் ரெண்டு பங்கு எழுதிக்கிறீங்க. அப்ப நான் என்னதான் சொல்லணும்?"

"உங்க கோபம் நியாயமானது" என்றாள் பேராசிரியை. "புண்பட்டவங்க பல பேர் முதல்ல மனசு விட்டுச் சொல்வாங்க. அப்புறம் குடும்பத்துக்குக் கெட்ட பேர் வந்துடுமேன்னு அவங்களே மாத்திச் சொல்வாங்க. அதுல தப்பு இல்ல. யாரும் உங்களைக் குத்தம் சொல்லலை."

"குத்தம் சொல்லுங்களேன்! நான் பொய் சொன்னேன், குத்தம் சொல்லித் தொலைங்களேன்!"

குரல் உடைந்து கரகரத்தது. தலையாட்டி டிஷ்யூப் பெட்டியை மெதுவாக அவர் பக்கம் நகர்த்தினாள்.

வாழ்க்கையில் முதல் தடவையாகக் கிரேன்காரர் நிஜத்தைச் சொல்லி ஒருவரும் நம்பவில்லை. பொய் சொன்னபோது கண்ணில் தண்ணீர் விட்டு நம்பினார்கள். இவர்களுக்கா பட்டம்? பெட்டியில் என்ன இருக்கிறது என்று வெளியே கொட்டை எழுத்தில் எழுதியிருந்தால், உள்ளே வேறுதான் இருக்கும் என்று அடம்பிடிக்கிற கூட்டம். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்து பார்ப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே அவர் முகத்தை மழித்துக்கொண்டு, மடிப்புக் கலையாத புதுச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். மருமகள் பார்த்துவிட்டுக் கலங்கிப்போனாள்.

"மாமா, உங்க கால்ல வேணா விழறேன். தயவு பண்ணி நடிக்காதீங்க. எப்பவும் போல இருங்க."

"நீ சும்மா இரு. இது என்னால வந்தது. நானே முடிச்சு வைக்கிறேன்."

"உங்களால முடிஞ்சதெல்லாம் போதும் மாமா."

"அந்தக் கூட்டத்துக்கு எந்தப் பிடியை நகர்த்தினா எது எழும்பும்னு எனக்குத் தெரியும். நீ வாயைத் திறக்காதே."

வந்தவர்கள் இருவரையும் வாசலுக்கே போய் வரவேற்றார். சிரித்தார். அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்துப் பழக்கமில்லாத மகன், அப்பாவுக்குப் பல்வலி என்று நினைத்தான்.

"என் மருமக தங்கம்" என்றார் நாற்காலியில் உட்கார்ந்ததும். "என்னை உள்ளங்கையில வெச்சுத் தாங்குறா."

மருமகள் கண்ணை மூடிக்கொண்டாள். தலையாட்டியின் பேனா ஓடியது. பேராசிரியை எழுந்து போய் அறைக் கதவைப் பார்த்தாள். வெளிப்பக்கத் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தாள். உள்ளே தாழ்ப்பாள் உடைந்து தொங்குவதையும் பார்த்தாள். திரும்பி வந்து உட்கார்ந்து, புதுச் சட்டையின் மடிப்பைப் பார்த்தாள்.

இவள் இன்னும் நம்பி இறங்கி வரவில்லை என்று கிரேன்காரருக்குத் தோன்றிவிட்டது. "சாப்பாடு கொண்டாம்மா! சூடா! நான் எப்பவும் போலச் சூடாச் சாப்பிடுறதை இவங்க பார்க்கட்டும்!"

"மாமா, வேணாம்."

"கொண்டான்னா கொண்டா."

அடுப்பிலிருந்து இறக்கின சோறு வந்தது. ஆவி பறந்தது. ஒரு பெரிய கவளத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். ஆறிப்போனதற்கே பழகின நாக்கு. நெருப்பை அள்ளிப் போட்ட மாதிரி இருந்தது. துப்பினால் கெட்டது. விழுங்கினார். கண்ணிரண்டிலும் தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. வாயைத் திறக்க முடியாமல், அப்படியே சிரித்துக்கொண்டு, கையால் பிரமாதம் என்று காட்டினார்.

தலையாட்டி பையிலிருந்து டிஷ்யூவை எடுத்து நீட்டினாள். "பரவால்ல ஐயா. அழணும்னு தோணினா அழுங்க" என்றாள். தானும் ஒன்றை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் மருமகள் எழுந்தாள். இரண்டு வருஷமாகத் தொண்டைக்குள் மடித்து வைத்திருந்த குரல் ஒரே மூச்சில் வெளியே வந்தது.

"போதும் நிறுத்துங்க! சூடா போட்டா தட்டைத் தள்ளிவிடுற மனுஷன், இன்னிக்குச் சூடு வேணுமாம் சூடு! வாய் வெந்து போச்சா? நல்லா வேகட்டும்! அந்த வாய்தானே என் படிப்பைப் பொசுக்கினது!"

கிரேன்காரர் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு எழுந்தார். "யாரைப் பார்த்துக் கத்துறே? உன்னைக் காப்பாத்தத்தானே இந்தக் கருமத்தை முழுங்கினேன்!"

"நீங்க காப்பாத்தினது போதும்! ராத்திரி பகலா கண்ணு முழிச்சுப் படிச்சேன். சமைச்சுக்கிட்டே படிச்சேன். ஒரு பொழுதுபோக்குக்கு அதை நாசம் பண்ணிட்டு, தங்கமாம் தங்கம்!"

"தாழ்ப்பாளை மாத்துன்னு எத்தனை தடவை சொன்னேன்? மாத்தியிருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது!"

"மாத்த வந்த தச்சரை விரட்டினது யாரு? சுத்தியல் சத்தத்துல செய்தி கேக்கலைன்னு அந்த ஆள் மேல டம்ளரை எறிஞ்சது யாரு?"

"அவன் கதவைக் கோணலா மாட்டினான்!"

"அவர் பையையே இன்னும் திறக்கலை!"

கீழ்வீட்டிலிருந்து விட்டத்தை எதனாலோ இடிக்கும் சத்தம் கேட்டது. கூடவே ஓர் ஆண் குரல்: "கிரேன்காரரே! ரெண்டு வருஷமா நிம்மதியா இருந்தோம்! மறுபடி ஆரம்பிச்சிட்டீங்களாய்யா?"

"உன் வேலையைப் பாருடா!" என்று கிரேன்காரரும், "நீங்க சும்மா இருங்க அண்ணே!" என்று மருமகளும் ஒரே நேரத்தில் தரையைப் பார்த்துக் கத்தினார்கள். கத்திவிட்டு மறுபடி ஒருவர் பக்கம் ஒருவர் திரும்பிக்கொண்டார்கள். மகன் போய் ஜன்னலைச் சாத்தினான். அவனுக்கு அது பழகின வேலை. முகத்தில் ஒரு நிம்மதிகூடத் தெரிந்தது.

பேராசிரியை குறுக்கே பேசவில்லை. இருவரும் மூச்சு வாங்கி நிறுத்தும் வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, குழைவில்லாத குரலில், "பயந்துகிட்டு இருக்கிற ஆள் இப்படிக் கத்த மாட்டார்" என்றாள் தலையாட்டியிடம். "பயமுறுத்துறவளும் இப்படித் திட்டு வாங்கிக்க மாட்டா. எழுதிக்கோ. விசாரணையை நான் இன்னிக்கே முடிச்சுடறேன்." மருமகள் பக்கம் திரும்பினாள். "திங்கட்கிழமையிலேருந்து நீங்க வார்டுக்குப் போகலாம். முன்னாடியே வீட்டுக்கு வந்து பார்த்திருக்கணும். என் தப்பு."

மருமகள் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மகன் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

கிரேன்காரர் சட்டைப் பொத்தானைத் தளர்த்திக்கொண்டார். "நான் அன்னிக்கே சொன்னேன். இதைச் சொல்ல ஒரு பட்டம், ஒரு பஸ், ஒரு வாய்ச் சோறு. வாய் வெந்ததுதான் மிச்சம். நல்லா இருக்கு உங்க படிப்பு."

"நீங்க சொன்னது பொய்னு தெரிஞ்சு எனக்குச் சந்தோஷம்தான்" என்றாள் பேராசிரியை. "ஆனா அது நிஜமா இருந்து, இந்தப் பொண்ணு கேட்டுட்டுச் சும்மா போயிருந்தா? அதையும் யோசிச்சுப் பாருங்க."

"யோசிக்க என்ன இருக்கு? நிஜமா இருந்தா இவகிட்டயா சொல்லியிருப்பேன்?"

தலையாட்டி சண்டை தொடங்கினதிலிருந்து தலை குனிந்து உட்கார்ந்திருந்தவள். இப்போது நிமிர்ந்தாள். ஆட்டவில்லை.

"வேற யார்கிட்ட சொல்லியிருப்பீங்க ஐயா?"

கிரேன்காரர் அவளைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். அவன் மனைவியின் தோளைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தான். சொல்ல வேண்டியது வாய் வரைக்கும் வந்த மாதிரி இருந்தது. வெந்த நாக்கில் ஒன்றும் புரளவில்லை.

"இந்த மாதிரி கேள்விதானா அங்க சொல்லிக் குடுக்கிறாங்க?" என்று மட்டும் சொன்னார்.

"வகுப்புக்கு ஒரு தடவை வந்து பேசறீங்களா?" என்று பேராசிரியை ஆரம்பித்தாள். "முதியவங்க பக்கத்து நியாயத்தை நம்ம பசங்க..."

அவர் அதைக் கேட்க நிற்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். கீழ்வீட்டுக்காரன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான். அவனை ஒரு பார்வை பார்த்ததும் கதவு சாத்திக்கொண்டது. தெருவில் வெயில் சாய்ந்திருந்தது. மேல்மாடி ஜன்னலிலிருந்து, "மாமா, எங்க போறீங்க? வாய்க்கு ஏதாவது தடவிட்டுப் போங்க!" என்று பழைய குரலில் மருமகள் கத்தினாள். தெருமுனைக் கடைக்காரன் தலையைத் தூக்கிப் பார்த்தான். கிரேன்காரர் திரும்பாமலே கையை உதறிக் காட்டிவிட்டு நடந்தார்.

நல்ல கேள்வி கேட்டுவிட்டோம் என்று அந்தப் பெண் நினைத்துக்கொண்டிருப்பாள். நினைக்கட்டும். அதற்கும் சேர்த்து ஒரு பட்டம் கொடுப்பார்கள். யார்கிட்ட சொல்லியிருப்பீங்களாம். சொல்வதற்கு ஆளா இல்லை? நூறு பேர் இருக்கிறார்கள். ஒருத்தன் பேராவது உடனே ஞாபகத்துக்கு வந்து தொலைத்தால் திரும்பிப் போய் அவள் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு வரலாம் என்று நினைத்துக்கொண்டே, வேகம் குறையாமல் போய்க்கொண்டிருந்தார்.